மெர்க்ஸின் மிதிவண்டி: ஓர் அளவுகோல் உருவான வரலாறு

பெல்ஜிய நாட்டுத் தலைநகரான பிரசல்ஸின் மேற்குப் புறத்தில், ஆண்டர்லெக்ட் நகராட்சி எல்லைக்குள், எடி மெர்க்ஸ் என்னும் பெயர் தாங்கிய சுரங்க இரயில் நிலையம் ஒன்று உள்ளது. 2003 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்நிலையத்தில் கண்ணாடிப் பேழை ஒன்றினுள் செம்மஞ்சள் நிறப் பந்தய மிதிவண்டி ஒன்று காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. அதில் நிறுத்துகட்டை இல்லை. வேகம் மாற்றும் பொறியும் இல்லை. மெல்லிய எஃகுக் குழாய்களால் ஆன சட்டகம், துளையிடப்பட்ட கைப்பிடி, இரண்டு சக்கரங்கள், ஒரு சங்கிலி, அவ்வளவே. அதன் எடை 5.75 கிலோகிராம். வீட்டிற்கு வாங்கிவரும் ஓர் அரிசிப் பையைவிட அது பெரிதும் கனமானதன்று.

1972 அக்டோபர் 25 ஆம் நாள், மெக்சிகோ நகரத்தில், எடி மெர்க்ஸ் இவ்வண்டியில் ஏறி ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். அந்நாளில் அது உலகச் சாதனை. சாதனைகள் முறியடிக்கப்படுவது இயல்பு. முறியடிக்கப்பட்ட சாதனைக்குரிய கருவி அருங்காட்சியகத்திற்குச் செல்வதும் இயல்பு. இவ்வண்டிக்கு நேர்ந்ததோ வேறு. இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, உலக அமைப்பு ஒன்று இவ்வண்டியைச் சுட்டி, 'மிதிவண்டி என்பது இதுதான். இதைப் போன்ற வண்டியில் ஓட்டினால்தான் அது மனிதனின் சாதனை' என்னும் பொருள்பட விதி வகுத்தது. தன் காலத்தின் மிகப் புதிய, மிக நுட்பமான கருவியாகப் பிறந்த ஒன்று, பின்னாளில் பழைமைக்கும் எளிமைக்கும் இலக்கணமாக ஆக்கப்பட்டது. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அது நமக்கு உணர்த்துவது யாது என்பதே இவ்வுரையில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

ஒரு மணி நேரம் என்னும் தேர்வு

மிதிவண்டிப் பந்தயங்களுள் 'ஒரு மணி நேரச் சாதனை' தனித்தன்மை வாய்ந்தது. வீரர் ஒருவர் வெலோட்ரோம் எனப்படும் சாய்தள ஓட்டரங்கில் தனியே ஓட்டத் தொடங்குவார். துணைக்கு ஆள் இல்லை. எதிர்க்க ஆள் இல்லை. ஒதுங்கிச் செல்ல ஒருவர் முதுகும் இல்லை. அறுபது நிமிடம் முடியும்போது அவர் கடந்த தொலைவு அளக்கப்படும். சாலைப் பந்தயத்தில் மலையும் மழையும் குழு உத்தியும் நல்லூழும் முடிவைத் தீர்மானிக்கலாம். இங்கே உடலும் வண்டியும் கடிகாரமும் மட்டுமே உள்ளன என்று பலரும் நம்பினர். 'மட்டுமே' என்னும் சொல்லைத்தான் வரலாறு பிறகு கேள்விக்குள்ளாக்கியது.

இச்சாதனையின் முறையான பதிவு 1893 மே 11 அன்று தொடங்குகிறது. பாரிஸ் நகரின் பஃபலோ ஓட்டரங்கில் ஹென்றி தெக்ராஞ்ச் 35.325 கிலோமீட்டர் ஓட்டினார். பத்தாண்டுகளுக்குப் பின், 1903 இல், டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கியவரும் அவரே. அதன்பின் பந்தய உலகின் பெருவீரர் பலர் இத்தேர்வுக்குத் தம்மை உட்படுத்தினர். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942 நவம்பரில், இத்தாலிய வீரர் ஃபாஸ்டோ கொப்பி மிலான் நகரின் விகொரெல்லி ஓட்டரங்கில் சாதனை படைத்தார். 1956 இல் பிரெஞ்சு வீரர் ஷாக் ஆங்க்தீல் அதே அரங்கில் அதனை முறியடித்து 46.159 கிலோமீட்டரை எட்டினார். 1968 இல் ஒலிம்பிக் விளையாட்டுகள் மெக்சிகோ நகரத்தில் நடைபெற்றபோது அங்கே புதிய ஓட்டரங்கம் ஒன்று எழுந்தது. அவ்வாண்டு அக்டோபரில் டென்மார்க்கின் ஓலே ரிட்டர் அவ்வரங்கில் 48.653 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனையைத் தமதாக்கினார். மெர்க்ஸ் முறியடிக்க வேண்டியிருந்த அளவு இதுவே.

1972: வெற்றிகளின் உச்சியில் ஒரு வீரர்

எடி மெர்க்ஸ் 1945 ஜூன் 17 அன்று பெல்ஜியத்தின் மேன்செல்-கீசெகெம் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் பிரசல்ஸ் புறநகரில் மளிகைக் கடை நடத்தினர். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை ஐந்து முறையும், இத்தாலிய நாட்டுச் சுற்றுப் பந்தயத்தை ஐந்து முறையும், தொழில்முறை வீரர்களுக்கான உலகச் சாலை வாகையர் பட்டத்தை மூன்று முறையும் வென்றவர் அவர். மிலான்–சான் ரெமோ பந்தயத்தை மட்டும் ஏழு முறை வென்றார்.

1972 அவருடைய வாழ்வின் மிகச் சிறந்த ஆண்டுகளுள் ஒன்று. அவ்வாண்டில் இத்தாலியச் சுற்றையும் டூர் டி பிரான்ஸையும் வென்ற பின்னரும் அவர் ஓய்வெடுக்கவில்லை. பந்தயப் பருவத்தின் இறுதியில், களைத்த உடலோடு, ஒரு மணி நேரச் சாதனைக்கு முற்பட்டார். மெக்சிகோ நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று மெலிந்திருப்பதால் வண்டிக்குத் தடை குறையும்; ஆயினும் மூச்சுக்குக் கிடைக்கும் உயிர்வளியும் குறையும். இவ்விழப்பை ஈடுசெய்யும் பொருட்டு மெர்க்ஸ் பெல்ஜியத்தில் தம் இல்லத்திலேயே உருளைகளின் மீது வண்டியை நிறுத்தி, முகமூடி வழியே உயிர்வளி குறைந்த காற்றைச் சுவாசித்தவாறு பயிற்சி செய்தார். உயரமான இடங்களின் தாக்கத்தை மருத்துவர் துணையுடன் வீட்டுக்குள் உருவாக்கிய முயற்சி அந்நாளில் புதுமையானது.

இன்னொரு செய்தியையும் நாம் கருத்திற்கொள்ள வேண்டும். 1969 செப்டம்பரில் பிரான்சின் புளுவா நகர ஓட்டரங்கில் மெர்க்ஸ் கடும் விபத்துக்குள்ளானார். அவருக்கு முன்னே இயந்திர வண்டியோட்டி வழிகாட்டிய ஃபெர்னாண்ட் வாம்ப்ஸ்ட் உயிரிழந்தார். மெர்க்ஸின் தலையிலும் இடுப்பிலும் ஏற்பட்ட காயங்கள் ஆறின. எனினும் அதற்குப் பிறகு இருக்கையில் வலியின்றி அமர்ந்திருந்த நாள் அரிது என்று அவரே பலமுறை கூறியிருக்கிறார். இருக்கையின் உயரத்தை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருக்கும் அவருடைய வழக்கம் பந்தய உலகம் நன்கறிந்த ஒன்று. ஆகவே, எழுந்து நிற்கவோ இறங்கவோ இயலாத அறுபது நிமிடம் அவருக்கு மற்றவர்களைக் காட்டிலும் கடுமையானது.

அக்டோபர் 25 காலை அவர் புறப்பட்ட வேகம் பார்த்தோரை வியக்கச் செய்தது. முதல் 10 கிலோமீட்டரை 12 நிமிடத்திற்குள் கடந்து, வழியிலேயே அத்தொலைவுக்குரிய உலகச் சாதனையையும், பின்னர் 20 கிலோமீட்டருக்குரியதையும் முறியடித்தார். அத்தொடக்க வேகத்திற்கு உரிய விலையை ஓட்டத்தின் நடுப்பகுதியில் செலுத்த வேண்டியிருந்தது. ஆயினும் தளர்ச்சியை வென்று, ரிட்டரின் அளவை 778 மீட்டரால் கடந்தார். முடிவில் அவரை வண்டியிலிருந்து பிறர் தாங்கி இறக்க வேண்டியிருந்தது. தம் வாழ்நாளில் மேற்கொண்ட முயற்சிகளுள் இதுவே மிகக் கடினமானது என்று அவர் கருதினார். மறுமுறை அதற்கு முற்படவில்லை. ஒரு மாதத்திற்குப் பின், நவம்பர் 25 அன்று, இத்தாலிய வீராங்கனை மரியா கிரெஸ்ஸாரி அதே நகரத்தில் 41.471 கிலோமீட்டர் ஓட்டி மகளிர் சாதனையைப் படைத்தார் என்பதையும் இங்கே குறிப்பிடுதல் பொருத்தமாகும்.

வண்டியின் உறுப்பிலக்கணம்

இனி வண்டிக்கு வருவோம். அதனை உருவாக்கியவர் இத்தாலியின் மிலான் நகரை அடுத்த கம்பியாகோ என்னும் ஊரைச் சேர்ந்த எர்னெஸ்டோ கொல்னாகோ. வண்டியின் மீது காணப்பட்ட பெயரோ 'வின்ட்சர்'. அது மெக்சிகோ நாட்டு மிதிவண்டி நிறுவனம் ஒன்றின் பெயர். செய்தவர் ஒருவர், பெயர் பொறித்தவர் மற்றொருவர் என்னும் இந்நிலை பந்தய உலகில் புதிதன்று. ஆயினும் ஒரு பொருளின் மீதுள்ள எழுத்தை மட்டும் சான்றாகக் கொண்டு அதன் தோற்றத்தை முடிவு செய்தல் ஆகாது என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

அக்காலத்தில் சாலைப் பந்தய மிதிவண்டி ஒன்றின் எடை ஏறக்குறைய ஒன்பது அல்லது பத்துக் கிலோகிராம். கொல்னாகோ அதில் பெரும்பகுதியைக் களைந்தார். ஓட்டரங்கு வண்டிக்கு நிறுத்துகட்டையும் வேகமாற்றியும் இயல்பாகவே இல்லை. எஞ்சியவற்றில்தான் அவருடைய கைவண்ணம் வெளிப்பட்டது. சட்டகத்திற்கு மிக மெல்லிய எஃகுக் குழாய்களைத் தேர்ந்தார். கைப்பிடியில் வரிசையாகத் துளையிட்டார். சங்கிலியின் கண்ணிகளிலும் துளையிட்டார். கைப்பிடியைச் சட்டகத்தோடு பிணைக்கும் தண்டு டைட்டானியம் உலோகத்தால் ஆக வேண்டும் என்று விரும்பினார். அவ்வேலைக்கு அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் வாழ்ந்த பினோ மொரோனி என்னும் இத்தாலியக் கைவினைஞர் துணை நின்றார். சக்கரங்களின் மீது பட்டு நூலிழையால் நெய்யப்பட்ட, கையில் எடுத்தால் எடையே தெரியாத மெல்லிய வட்டகைகள் ஒட்டப்பட்டன.

முன்புறப் பற்சக்கரத்திற்கு 52 பற்கள். பின்புறத்திற்கு 14 பற்கள். மிதி ஒரு முறை சுழன்றால் வண்டி ஏறத்தாழ 7.9 மீட்டர் நகரும். பின்சக்கரம் தனித்து உருள வழியில்லை. சக்கரம் சுழலும்வரை கால்களும் சுழன்றே ஆக வேண்டும். இக்கணக்கின்படி மெர்க்ஸின் கால்கள் நிமிடத்திற்கு நூற்றுக்கு மேற்பட்ட முறை, ஒரு மணி நேரத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட முறை, ஒரு கணமும் ஓயாமல் சுழன்றிருக்கின்றன. 333 மீட்டர் நீளமுள்ள அத்தடத்தை அவர் ஏறக்குறைய 148 முறை வலம் வந்திருக்கிறார்.

எடையா, காற்றா?

இங்கே மாணவர்கள் ஒரு கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம். வண்டியின் எடையில் நான்கு கிலோகிராம் குறைத்ததால் மெர்க்ஸுக்கு எவ்வளவு நன்மை கிட்டியது?

மலையேறும்போது எடை பெரும்பகை. ஒவ்வொரு கிலோகிராமையும் புவியீர்ப்புக்கு எதிராக மேலே தூக்கிச் செல்ல வேண்டும். ஓட்டரங்கில் மேடு இல்லை. புறப்படும்போது வண்டிக்கு வேகம் ஊட்டுவதற்கும், வட்டகை தரையில் உருளும்போது எழும் சிறு தடையை வெல்வதற்கும் மட்டுமே எடை பொருட்படுத்தத் தக்கது. நான்கு கிலோகிராம் பொருளை மணிக்கு 49 கிலோமீட்டர் வேகத்திற்குக் கொண்டுவரத் தேவையான ஆற்றல் ஏறக்குறைய 370 ஜூல். தேர்ந்த வீரர் ஒருவர் ஒரு விநாடியில் செய்யும் உழைப்பு அது. உருளும் தடையில் ஏற்படும் வேறுபாடும் மிகச் சிறிதே. அவ்வேகத்தில் வீரரை எதிர்க்கும் ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்கு காற்றினுடையது. வேகத்தைச் சற்றுக் கூட்டினாலும், காற்றை வெல்லத் தேவையான திறன் அதன் மும்மடிப் பெருக்கமாக உயரும்.

ஆகவே மெர்க்ஸுக்கு உண்மையில் உதவியவை மெக்சிகோ நகரத்தின் மெலிந்த காற்றும் அவருடைய நெஞ்சுரமும் கால்வன்மையும்தாம். கைப்பிடியின் துளைகள் செய்தது மிகச் சிலவே. அப்படியாயின் கொல்னாகோ அறியாமையால் துளையிட்டாரா? அவ்வாறு கூறுதல் வரலாற்று நோக்கு ஆகாது. இத்தாலியக் கைவினைஞர்களின் பல்லாண்டு அறிவு ஆல்ப்ஸ் மலைச்சரிவுகளில் திரட்டப்பட்டது. அங்கே வெற்றி தோல்வியைக் கிராம்கள் தீர்மானித்தன. அவ்வறிவைச் சமதளத் தடத்திற்கும் அவர்கள் கொண்டுவந்தனர். ஒரு கைவினை மரபு தனக்குப் பழக்கமான பகைவனையே எங்கும் காண்பது இயற்கை. மேலும், தன் வண்டியில் ஒரு கிராமும் வீணாக இல்லை என்ற நம்பிக்கை வீரரின் உள்ளத்திற்கு அளித்த உறுதியை நாம் எந்தத் தராசிலும் நிறுக்க இயலாது.

இவ்வண்டி 1972 ஆம் ஆண்டின் சிந்தனையை எஃகில் வடித்த ஆவணம் என்று நாம் கொள்ளலாம். ஏட்டுச் சுவடியில் எழுத்துகளைப் படிப்பது போல, அதன் துளைகளில் அக்காலத்து மனிதர் எதனைப் பகை எனக் கருதினர் என்பதைப் படிக்கலாம்.

காற்றை வென்றோர்

பதினோராண்டுகளுக்கு மேல் நிலைத்த மெர்க்ஸின் சாதனையை 1984 ஜனவரியில் இத்தாலிய வீரர் ஃபிரான்செஸ்கோ மோசர் அதே மெக்சிகோ நகரத்தில் முறியடித்தார். ஜனவரி 19 அன்று 50.808 கிலோமீட்டர், நான்கு நாள் கழித்து 51.151 கிலோமீட்டர். அவருடைய வண்டியில் ஆரக்கம்பிகளுக்கு மாறாகக் காற்றைக் கிழிக்கும் முழுத் தட்டுச் சக்கரங்கள் இருந்தன. வண்டி மெர்க்ஸினுடையதைவிடக் கனமானது, ஆயினும் விரைவானது. பகைவன் எடை அன்று, காற்று என்பதை அவ்வண்டி உலகிற்கு அறிவித்தது.

1993 இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கிரேம் ஓப்ரி இன்னும் வியப்பான வழியைக் காட்டினார். பெருநிறுவனத்தின் துணை இல்லாத அவர் தம் வண்டியைத் தாமே வடிவமைத்தார். அதன் அச்சில் துணி துவைக்கும் இயந்திரத்தின் தாங்குருளைகளைப் பொருத்தினார் என்பது பந்தய உலகில் பலரும் அறிந்த செய்தி. கைகளை மார்பின் கீழ் மடக்கி, உடலை முன்னோக்கிக் குனிந்து, காற்றுக்குக் காட்டும் பரப்பைக் குறைத்துக்கொண்டார். அவ்வாண்டு ஜூலை 16 அன்று நோர்வே நாட்டின் ஹமார் நகரில் செய்த முயற்சி தோற்றது. ஓய்வெடுக்காமல் மறுநாட்காலையே மீண்டும் ஓட்டி 51.596 கிலோமீட்டரை எட்டினார். ஆறே நாளில் ஆங்கிலேய வீரர் கிறிஸ் போர்ட்மன் பிரான்சின் போர்தோ நகரில் 52.270 கிலோமீட்டர் ஓட்டி அதனை முறியடித்தார். 1994 இல் ஓப்ரி மீண்டும் வென்றார். பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் அவருடைய உடல் நிலையமைவுக்கு அவ்வாண்டே தடை விதித்தது. அவர் கைகளை முன்னே நீட்டிப் பிடிக்கும் வேறொரு நிலையமைவைக் கண்டறிந்தார். அந்நிலையைக் கையாண்டு போர்ட்மன் 1996 செப்டம்பர் 6 அன்று மான்செஸ்டர் நகரில் 56.375 கிலோமீட்டர் ஓட்டினார். பின்னர் அந்நிலையமைவும் தடை செய்யப்பட்டது.

இருபத்து நான்கு ஆண்டுகளில் சாதனை ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் உயர்ந்தது. மனிதக் கால்கள் அத்துணை வலுப்பெற்றனவா, அல்லது வண்டிகள் அத்துணை வளர்ந்தனவா என்னும் வினா இயல்பாகவே எழுந்தது.

2000: விதியாக மாறிய வண்டி

அவ்வினாவுக்கு ஒன்றியம் 2000 ஆம் ஆண்டில் அளித்த விடை வரலாற்றில் அரியது. 1972 இல் மெர்க்ஸ் பயன்படுத்திய வண்டியைப் போன்ற வண்டியில் செய்யப்படும் முயற்சியே 'ஒரு மணி நேரச் சாதனை' என அறியப்படும் என்று அது முடிவு செய்தது. வட்டமான எஃகுக் குழாய் போன்ற சட்டகம், கீழ்நோக்கி வளைந்த கைப்பிடி, ஆரக்கம்பிச் சக்கரம் என்பன அடையாளங்கள் ஆயின. மோசர், ஓப்ரி, போர்ட்மன் முதலியோரின் சாதனைகள் 'மனிதனின் மிகச் சிறந்த முயற்சி' என்னும் வேறொரு பட்டியலுக்கு மாற்றப்பட்டன. மெர்க்ஸின் 49.431 மீண்டும் சாதனையாயிற்று.

இம்முடிவில் உள்ள முரண்களை நாம் நிதானமாக நோக்க வேண்டும். முதலாவது, அக்காலத்திலேயே ஒன்றியம் பந்தய வண்டிகளுக்கு 6.8 கிலோகிராம் என்னும் குறைந்த அளவு எடையையும் விதித்தது. மெர்க்ஸின் வண்டி அதைவிட ஒரு கிலோகிராமுக்கு மேல் குறைவு. அளவுகோலாக உயர்த்தப்பட்ட வண்டியே அவ்வளவுகோலைச் சார்ந்த விதியில் தேறாது. இரண்டாவது, கருவியைச் சமமாக்கிய விதி காற்றைச் சமமாக்கவில்லை. மெர்க்ஸ் ஓட்டியது மலைநாட்டின் மெலிந்த காற்றில். மூன்றாவது, கருவி பெரும்பங்கு ஆற்றிய சாதனைகளுக்கே 'மனிதனின் முயற்சி' என்னும் பெயர் சூட்டப்பட்டது. நான்காவது மிகவும் ஆழமானது: 1972 இல் எவ்வீரரும் வாங்க இயலாத அரும்பொருளாகவும், கண்டம் கடந்து உலோகம் தேடிச் செய்யப்பட்ட புதுமையாகவும் இருந்த வண்டி, 2000 இல் எளிய, தூய, பழைய வண்டியாகக் காணப்பட்டது.

விதி வகுத்தோர்க்கும் நியாயம் உண்டு. வண்டி செய்யும் நிறுவனத்தின் செல்வம் சாதனையைத் தீர்மானிக்கும் நிலை வந்தால், ஏழை நாட்டு வீரர் எப்போது போட்டியிடுவார்? தந்தையர் காலத்து வீரரை மைந்தர் காலத்து வீரரோடு ஒப்பிட ஒரு பொது அளவு வேண்டாவா? இக்கவலைகள் மெய்யானவை. ஆயினும் விதியால் இறுதியாகத் தாக்குண்டவர், பெருஞ்செல்வம் ஏதுமின்றித் தம் கையாலேயே வண்டி செய்த ஓப்ரி என்பதையும் நாம் மறத்தலாகாது. விதிகள் கண்ணுக்குத் தெரியும் கருவியை எளிதில் பிடிக்கும், தெரியாதவற்றைப் பிடிப்பதில்லை. 1984 இல் தாம் சாதனைக்கு முன் இரத்தமேற்றிக்கொண்டதை மோசர் பின்னாளில் ஒப்புக்கொண்டார். அந்நாளில் அதற்குத் தடை இல்லை. சக்கரத்தின் வடிவத்தை அளந்த உலகம் குருதியின் செறிவை அளக்கத் தொடங்கியது மிகவும் தாமதமாகவே.

பத்து மீட்டர்

இந்நிலையில் போர்ட்மன் ஓர் அரிய செயலைச் செய்தார். தம்முடைய 56.375 ஒதுக்கிவைக்கப்பட்ட நிலையில், ஓய்வு பெறுமுன் இறுதி முயற்சியாக, மெர்க்ஸின் வண்டியைப் போன்ற வண்டியில் ஓட்ட முன்வந்தார். 2000 அக்டோபர் 27 அன்று மான்செஸ்டர் ஓட்டரங்கில் அவர் கடந்த தொலைவு 49.441 கிலோமீட்டர். மெர்க்ஸைவிட அவர் கூடுதலாகச் சென்றது பத்தே பத்து மீட்டர். ஒரு மணி நேர உழைப்பில் அது ஒரு விநாடிக்கும் குறைவான வேறுபாடு.

இவ்விரு எண்களையும் அடுத்தடுத்து எழுதிப் பார்ப்போம்: 56.375, 49.441. ஒரே மனிதர், ஒரே அரங்கம், நான்கு ஆண்டு இடைவெளி. அகவையும் உடல்நலமும் சிறிது மாறியிருக்கலாம். எனினும் இடையிலுள்ள ஏறத்தாழ ஏழு கிலோமீட்டரில் பெரும்பகுதி வண்டிக்கும் உடல் நிலையமைவுக்கும் உரியது. கருவிக்கும் மனிதனுக்கும் உரிய பங்கை இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டும் வாய்ப்பு விளையாட்டு வரலாற்றில் அரிதாகவே கிட்டும்.

2005 இல் செக் குடியரசின் ஓண்ட்ரே சோசெங்கா மாஸ்கோவில் 49.700 கிலோமீட்டர் ஓட்டி அச்சாதனையையும் கடந்தார். அவருடைய வண்டியின் எடை ஏறக்குறைய பத்துக் கிலோகிராம்! பின்சக்கரத்தை வேண்டுமென்றே கனமாக அமைத்து, ஒருமுறை வேகம் பெற்றால் சீராகச் சுழலும்படி செய்திருந்தார். மெர்க்ஸின் வண்டியைப் போன்றதே சாதனை வண்டி என்னும் விதியின் கீழ், மெர்க்ஸின் வண்டியைவிடப் பெரிதும் கனமான வண்டி வென்றது. கொல்னாகோவின் துளைகளுக்கு வரலாறு எழுதிய குறிப்புரை அது என்று கூறலாம்.

2014 இல் ஒன்றியம் தன் முடிவைக் கைவிட்டது. அக்காலத்து ஓட்டரங்குப் பந்தயங்களில் ஏற்கப்படும் வண்டிகளை இதற்கும் ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டு செப்டம்பரில் செருமானிய வீரர் யென்ஸ் ஃபோக்ட் 51.110 கிலோமீட்டர் ஓட்டிப் புதிய காலத்தைத் தொடங்கினார். 2022 அக்டோபர் 8 அன்று இத்தாலியின் ஃபிலிப்போ கன்னா சுவிட்சர்லாந்தின் கிரென்ஹென் நகரில், முப்பரிமாண அச்சு முறையில் உருவான சட்டகம் கொண்ட வண்டியில், 56.792 கிலோமீட்டரை எட்டினார். போர்ட்மனின் 1996 ஆம் ஆண்டு எண்ணும் அன்று கடக்கப்பட்டது.

சொல்லும் பொருளும்

மொழி பயில்வோராகிய நமக்கு இவ்வரலாற்றில் மற்றொரு சுவையும் உண்டு. இவ்வண்டிக்குத் தமிழில் பல பெயர்கள் வழங்குகின்றன. சைக்கிள் என்னும் கடன்சொல் வட்டத்தைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. இலங்கைத் தமிழர் எழுத்தில் காணும் துவிச்சக்கர வண்டி என்பதும், ஈருருளி என்னும் ஆக்கமும் சக்கரங்களின் எண்ணிக்கையைச் சுட்டுகின்றன. மிதிவண்டி என்னும் சொல்லோ சக்கரத்தைக் குறிக்காமல் காலின் செயலைக் குறிக்கிறது. ஒரு பெயர் பொருளின் வடிவத்தை நோக்குகிறது. மற்றொன்று அதனை இயக்கும் மனிதனை நோக்குகிறது.

உலக ஒன்றியம் முப்பது ஆண்டுகளாகத் தடுமாறியது இவ்விரு நோக்குகளுக்கும் இடையேதான். வடிவத்தை வரையறுத்தால் மனித முயற்சியைக் காத்துவிடலாம் என்று அது எண்ணியது. ஆனால் வடிவம் ஒருபோதும் நிலையானதன்று. தெக்ராஞ்ச் தமது வண்டியை எளியது என்று கருதியிருக்கமாட்டார், மெர்க்ஸும் கருதவில்லை. நாற்பதாண்டு கழித்துக் கன்னாவின் வண்டியும் ஒரு கண்ணாடிப் பேழைக்குள் பழைமையின் சின்னமாகக் காட்சியளிக்கக்கூடும். 'மரபு' என்றும் 'இயல்பு' என்றும் நாம் வழங்கும் பலவும் ஒரு காலத்தில் எவரோ துணிந்து செய்த புதுமைகளே. அவற்றை மரபாக அறிவிப்பது பிற்காலத்தாரின் தீர்ப்பு. அத்தீர்ப்புக்கும் ஓர் ஆண்டும் ஒரு காரணமும் ஒரு பயனாளியும் உண்டு.

வகுப்பறையில் ஆசிரியர்கள் ஒரு பழம்பொருளை மாணவர் முன் வைக்கும்போது மூன்று வினாக்களை எழுப்புதல் நலம். இதனைச் செய்தோர் எதனைப் பகையாகக் கருதினர்? இதனைப் பயன்படுத்தியோர் எவ்விலை கொடுத்தனர்? இதனைப் போற்றத் தொடங்கியோர் எப்போது, எதன் பொருட்டுத் தொடங்கினர்? அம்மிக்கல்லானாலும் அச்சுப்பொறியானாலும் இவ்வினாக்கள் பொருந்தும். மெர்க்ஸின் வண்டி மூன்றுக்கும் விடை தருகிறது. பகை எடை. விலை, ஓர் அக்டோபர்க் காலையில் தாங்கி இறக்கப்பட்ட ஓர் உடல். போற்றுதல் தொடங்கிய காலம், புதிய வண்டிகளைக் கண்டு உலகம் அஞ்சிய காலம்.

49.431 என்னும் எண் இன்று சாதனைப் பட்டியலில் நெடுந்தொலைவு கீழே இறங்கிவிட்டது. ஆயினும் 5.75 கிலோகிராம் எடையுள்ள அவ்வண்டியைத் தானே நகரச் செய்ய எவராலும் இயலாது. மிதித்தவர் ஒருவர் இருந்தார். ஒரு மணி நேரம் மிதித்தார். அவர் பெயரையே இரயில் நிலையத்திற்குச் சூட்டியதன் மூலம் பிரசல்ஸ் மக்கள் வண்டிக்கும் மனிதருக்கும் உரிய வரிசையைச் சரியாகவே வைத்துள்ளனர்.